வக்கீலுக்கு எப்போது நாள் பார்ப்பது?

(பாலவனத்தத்தில் கூடிய கூட்டத்தில் நாம் பேசியதின் சாரம்)



சுயமரியாதைக்காரர்கள் மேடையேறினால் சாமியையும் சாதியையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்தவர்கள் இங்கு பலர் இருக்கலாம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சாவும், சொத்தும், அவற்றுக்காக எழுதப்படும் காகிதமுமாகும். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தனக்குப் பாத்தியமுள்ளதை இன்னதென்று அறியாதவன், அதையே மற்றவன் காலில் விழுந்து தர்மமாகக் கேட்கிறான். உரிமையைப் பிச்சையாகக் கேட்பவனுக்கு என்ன சுயமரியாதை இருக்கமுடியும்? ஆகையால் இது நமது இயக்க வேலையே தவிர வேறல்ல.

நம் ஜனங்கள் நாள் பார்க்காத காரியம் எது? போர் போட நாள், விதைக்க நாள், காது குத்த நாள், புது வீட்டில் பால் காய்ச்ச நாள். பத்திரம் பதிய ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகிறவரும் ராகு காலம் கழித்துத்தான் போகிறார். ஆனால் அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒரு தடவை படித்துக் கேட்டுவிட்டுப் போகிறாரா என்றால், அதுதான் இல்லை. மூன்று தலைமுறையைக் கட்டிப்போடும் எழுத்துக்குக் கீழே கையெழுத்தும் ரேகையும் வைத்துவிட்டு, வைத்த நேரம் நல்ல நேரமென்று திருப்திப்படுகிறார்! கெட்டது நேரமா, எழுத்தா என்று யோசிக்கவேண்டாமா?

"வக்கீல் வீட்டு வாசலை மிதித்தவன் உருப்படமாட்டான்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. உருப்படாமல் போனவர்கள் பெரும்பாலும் காலந் தப்பி மிதித்தவர்களேயாவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும் விஷயத்தை, போட்ட பிறகு பத்து வருஷம் வாய்தாவுக்கு அலைந்து தீர்க்கப் பார்த்தால் யார்தான் உருப்படுவார்கள்? ஆகவே வக்கீலிடம் போவதா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எதற்குப் போவது, எப்போது போவது என்பதே கேள்வி.

முதலாவதாக, எதற்கு வக்கீல் வேண்டியதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் நம்மவர்களுக்கு எட்டாம் நாள் தெரியும், பதினாறாம் நாள் தெரியும், வருஷத் திதி தெரியும். 21ஆம் நாள் என்னவென்று கேட்டால் தெரியாது. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி சாவை 21 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணமும், அதன் பிறகு அதிகாரியின் உத்தரவும் என்று வேலை வளரும். கருமாதிக்குக் கடன் வாங்கிச் செலவு செய்கிற குடும்பத்துக்கு, செலவில்லாத இந்தக் காரியம் மறந்துபோகிறது. இந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் பாங்கியும் பேசாது, இன்ஷூரன்சும் பேசாது, தாலுகா ஆபீசும் பேசாது.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். அதைத் தாசில்தார் கொடுக்கிறார். மனுவை நீங்களே போடலாம். இதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வாரிசுச் சான்றிதழ் என்பது செத்தவருக்கு இன்னின்னார் இருக்கிறார்கள் என்று காட்டும் காகிதமே ஒழிய, இன்னாருக்கு இந்த நிலம் என்று தீர்மானிக்கும் காகிதமல்ல. சான்றிதழில் ஒரு மகளின் பெயரை விட்டுவிட்டதாலேயே அவள் பங்கு போய்விடாது. ஆனால் விட்டதைச் சரி செய்ய அவள்தான் அலைய வேண்டிவரும்.

பிறகு, செத்தவருடைய பாங்கிப் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை 436 ரூபாயோ, 20 ரூபாயோ பிடித்திருந்தால் அது கோவில் உண்டியலுக்குப் போன பணமல்ல. 436 என்பது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எப்படிச் செத்தாலும் 2 லட்சம். 20 என்பது சுரக்ஷா காப்பீடு. விபத்தில் செத்தால் 2 லட்சம். பாங்கியில் எங்கோ கையெழுத்து வாங்கிப் பிடிக்க ஆரம்பித்திருப்பார்கள், வீட்டாருக்கே தெரியாது. கேட்காதவர்களுக்கு யாரும் வீடு தேடி வந்து கொடுப்பதில்லை. மில்லில் பி.எப். பிடித்த தொழிலாளி வேலையிலிருக்கும்போது இறந்தால், சேமிப்புப் பணம் வேறு, குடும்பப் பென்ஷன் வேறு, அதோடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் வேறு. கடைசியாகச் சொன்னதன் உச்சவரம்பு 7 லட்சம். மூன்றையும் கேட்டு மனுச் செய்ய வேண்டும். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிடாதீர்கள். நலவாரிய அட்டை இருந்தால் அங்கேயும் ஒரு மனு. இவற்றுக்கெல்லாம் வக்கீலும் வேண்டாம், தரகனும் வேண்டாம். எழுதத் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று போதும். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கினால் போதும்.

நாமினியைப் பற்றி ஒரு வார்த்தை. நாமினியாகப் பெயர் போட்டவருக்கே பணம் சொந்தம் என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். அது சரியல்ல. நாமினி பணத்தைக் கைநீட்டி வாங்கும் ஆள்; பங்கு வாரிசுகளுக்கே என்று சுப்ரீம் கோர்ட்டு 1983ஆம் வருஷத்திலேயே இன்ஷூரன்ஸ் விஷயத்தில் சொல்லியிருக்கிறது. பின்னால் வந்த 2015ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத் திருத்தம், தாய் தகப்பன், மனைவி, புருஷன், பிள்ளைகள் ஆகியோர் நாமினியானால் அவர்களுக்கே பாத்தியதை என்பதாக வேறு விதி சேர்த்திருக்கிறது. ஆகவே அண்ணன் பெயரையோ மாமன் பெயரையோ கலியாணத்துக்கு முன் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பவர்கள், நாளைக்கே போய் மாற்றிவிட்டு வரவேண்டும்.

நிற்க. இனி வக்கீல் அவசியம் வேண்டிய காலங்களைச் சொல்லுகிறோம். அவை மூன்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. "இல்லை" என்ற பதிலோ, கோர்ட்டுக் காகிதமோ வந்த உடனே ஒன்று. உங்கள் குடும்பம் ஊர் வழக்கத்துக்கு மாறாக அமைந்திருந்தால், உயிரோடிருக்கும்போதே ஒன்று.

முதல் காலத்தை எடுத்துக்கொள்ளுவோம். தாய்மார்கள் இதைக் கவனமாய்க் கேட்க வேண்டும்.

தகப்பனார் இறந்து பதினாறு முடிந்ததும் அண்ணன் தம்பிகள் காரில் வந்து, "ஒரு கையெழுத்துத்தான் தாயி, பட்டா மாற்ற வேண்டும்" என்று அருப்புக்கோட்டைக்கு அழைத்துப்போகிறார்கள். காப்பியும் வாங்கிக் கொடுத்து, ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கி, வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தப் பெண் போட்டது பட்டா மாற்றக் கையெழுத்தல்ல, விடுதலைப் பத்திரம். தன் பங்கை அடியோடு விட்டுக்கொடுத்த பத்திரம். சேலை விலை ஆயிரம், நிலத்தின் விலை பல லட்சம். இதற்குப் பெயர் பாசமாம்!

பெண்ணுக்கு ஆணோடு சமமாகச் சொத்தில் பாத்தியதை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு தீர்மானித்தபோது, குடும்பமே சிதறிப்போகும் என்றார்கள். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவனுடைய சொந்தச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் நால்வருக்கும் சமபங்கு என்றது. பூர்வீகச் சொத்திலோ மகளை வாசலிலேயே நிறுத்திவிட்டது. 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம் அவளை உள்ளே விட்டது. அதுவும் அன்றைக்குக் கலியாணமாகாதவளை மட்டும். 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுவதற்குமான திருத்தம் கலியாணமானவளையும் சேர்த்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை, பிறப்பினாலேயே மகளுக்குப் பங்கு என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஆகஸ்டு 11இல் தீர்த்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே 91 வருஷம். இத்தனை வருஷம் போராடி வந்த உரிமையை ஒரு காப்பிக்கும் சேலைக்கும் விட்டுக்கொடுப்பது நியாயமா?

மனமொப்பி அண்ணனுக்குக் கொடுப்பதை நாம் தடுக்கவில்லை. பங்கு எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுப்பது தானம். தெரியாமல் கொடுப்பது ஏமாறுவது. ஆகவே பத்திரம் எழுதுகிறவர் அண்ணன் கூட்டிவந்த ஆளாயிருந்தால், நீங்கள் தனியாக ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டே கையெழுத்துப் போடவேண்டும். "எங்களை நம்பவில்லையா?" என்று கோபிப்பார்கள். நம்பிக்கைக்குரியவன் பத்திரத்தைப் படித்துக் காட்டுவதற்கு ஏன் கோபிக்கவேண்டும்?

வயதானவர்களும் இந்த முதல் காலத்தில் சேர்ந்தவர்களே. மகன் கேட்கிறான் என்று உள்ள வீட்டையும் புஞ்சையையும் செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு திண்ணையில் கஞ்சிக்குக் காத்திருக்கிறவர்கள் எந்த ஊரில் இல்லை? உயிலுக்கும் செட்டில்மெண்டுக்கும் உள்ள பேதத்தை அறிய வேண்டும். உயில் செத்த பிறகுதான் பலிக்கும். இருக்கும் வரை மாற்றலாம், கிழிக்கலாம். செட்டில்மெண்ட் பதிந்த அன்றே சொத்தைக் கொண்டுபோய்விடும். அப்படித்தான் எழுதவேண்டுமென்றால், கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் மூத்தகுடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தையே ரத்து செய்யலாம். ஆர்.டி.ஓ.விடம் மனுக்கொடுத்தால் போதும். எழுதும் அன்றைக்கு ஒரு வக்கீலிடம் கேட்டு அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளாதவருக்கு, பிற்காலத்தில் வழக்கும் கண்ணீருமே மிஞ்சுகிறது.

இந்த ஜில்லாவுக்கே உரிய இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் வெடித்ததும், 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் வெடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பேரில்லாமல் ஒருவர் இருவராகச் சாகிற விபத்துகளுக்குக் கணக்கே இல்லை. வெடித்த மறுநாள் மந்திரிகள் வருகிறார்கள், சர்க்கார் நிவாரணம் அறிவிக்கிறது. அது தேவைதான். ஆனால் நிவாரணம் வேறு, நட்டஈடு வேறு. நிவாரணம் சர்க்கார் மனமிரங்கிக் கொடுப்பது. நட்டஈடு முதலாளி சட்டப்படி கொடுத்தே தீரவேண்டியது. ஒன்றை வாங்கியதால் மற்றது அற்றுப்போவதில்லை.

சில இடங்களில் சுடலையிலிருந்து திரும்புவதற்குள் முதலாளியின் ஆள் பணக்கட்டோடும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய காகிதத்தோடும் வந்து நிற்கிறான். எழுதப்படிக்கத் தெரியாத விதவை ரேகை வைக்கிறாள். தோழர்களே! அந்தக் காகிதத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். தொழிலாளி இறந்துபோனால் நட்டஈட்டை முதலாளி அதற்கென்று உள்ள அதிகாரியிடம் கட்டவேண்டும். வாரிசு கையில் நேராகக் கொடுத்துக் கணக்கு முடிக்கக்கூடாது என்று 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது. ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியானால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் அங்கிருந்து வரவேண்டும். ஆலைப் பேரேட்டில் பெயரில்லை என்பார்கள். கூட வேலை செய்தவர்களின் சாட்சி, கூலி கொடுத்த சீட்டு, போலீசில் பதிந்த முதல் தகவல் அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை இவைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு உடனே வக்கீலிடம் போகவேண்டிய காரியம் இது. இதில் நாள் கடத்துவது முதலாளிக்குத்தான் லாபம்.

இரண்டாவது காலத்துக்கு வருவோம். "இல்லை" என்று ஒருவன் சொல்லிவிட்டாலோ, கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துவிட்டாலோ கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் ஜனங்களோ அப்போதுதான் குறி கேட்கப் போகிறார்கள்!

சம்மன் வந்தால் வாங்க மறுத்து ஓடுவதும், வாங்கிச் சாமிபடத்துக்குப் பின்னால் சொருகிவைப்பதும் வழக்கமாயிருக்கிறது. சிவில் தாவாவில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதில் உரை போடவேண்டும். தகுந்த காரணம் சொன்னால் கோர்ட்டு 90 நாள் வரை விடலாம். ஒன்றும் செய்யாமல் சும்மாயிருந்தால் எதிரி சொன்னதே உண்மையென்று ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிடும். அதை நீக்கவும் 30 நாள்தான் கெடு. கெடுவைத் தாண்டினால் தாண்டியதற்கு வேறு சமாதானம் சொல்லவேண்டும். சாமிபடத்துக்குப் பின்னால் வைத்த சம்மனுக்குச் சாமி ஆஜராகி வாதாடினதாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

மோட்டார் விபத்தில் நட்டஈட்டு மனுவை 6 மாதத்துக்குள் போடவேண்டும் என்று 2019ஆம் வருஷத்துத் திருத்தம் விதித்து, அது 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. ஆகையால் விபத்து நடந்த மாதமே வக்கீலைப் பார்ப்பது நல்லது. இன்ஷூரன்சுக்காரன் பணம் இல்லை என்றால், வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் கிடைத்து ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதானால் 2 வருஷம் கெடு.

இன்னொன்று. தகப்பன் இறந்து, சிறு பிள்ளைகள் பேரில் நிலம் வந்திருக்கும். கடனுக்காக அதைத் தாயோ சித்தப்பனோ விற்கப்போவார்கள். மைனருடைய தனிச்சொத்தைக் கோர்ட்டு அனுமதியில்லாமல் கார்டியன் விற்றால், பிள்ளை மேஜரானபின் 3 வருஷத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் முன்னதாக வக்கீலைக் கேட்கவேண்டிய இடம் இது.

மூன்றாவது காலம், உயிரோடிருக்கும்போதே போகவேண்டிய காலம். இது நம் இயக்கத் தோழர்களுக்கு மிகவும் முக்கியமானது.

இந்த அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் 1928 மே 28இல்தான் புரோகிதனும் மந்திரமும் இல்லாத முதலாவது சுயமரியாதைத் திருமணம் பெரியார் முன்னிலையில் நடந்தது. இந்த வட்டாரத்துக்கு அது என்றும் பெருமை. அதன் பின் ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் அப்படித் திருமணங்கள் நடந்தன. மணமக்கள் வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஊராரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 1934இல் நடந்த அப்படியொரு திருமணம் சொத்து வழக்கில் கோர்ட்டுக்கு வந்தபோது, 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் அது சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. ஹோமம் இல்லை, ஏழடி இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை என்பது காரணம். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள் மனைவியல்ல என்றாகிவிட்டது! புரோகிதனைக் கலியாணப் பந்தலிலிருந்து துரத்தினோம். அவனோ சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவனை அங்கிருந்தும் துரத்த, அண்ணாதுரை முதன்மந்திரியான 1967இல் சட்டசபை இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. உற்றார், நண்பர் அல்லது மற்றவர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுவதாகச் சொல்லியோ, மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் திருமணம் செல்லும். முன்னே நடந்த திருமணங்களும் நடந்த நாள் முதலே செல்லும். சுக்கிலநத்தத்திலிருந்து இந்தச் சட்டத்துக்கு 40 வருஷம் ஆயிற்று. 2014இல் மறுபடியும் ஒரு தடங்கல் வந்தது. வக்கீல் ஆபீசில் நடந்த திருமணம் செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொல்லிற்று. அது சரியல்ல, ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது.

இந்தக் கதையிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன? துணிச்சலாய் வாழ்ந்தால் மட்டும் போதாது, துணிச்சலுக்கு ஒரு சான்றும் வேண்டும் என்பதாகும். சாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்டவர்களே! நீங்கள் இருக்கும்வரை முகம் பார்க்காத பங்காளி, நீங்கள் செத்த மறுநாள் வாரிசு என்று வந்து நிற்பான். ஆகவே 2009ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். மதம் விட்டு மணப்பவர்களுக்கு 7ஏ பயன்படாது. 1954ஆம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டம், 30 நாள் நோட்டீஸ் என்று வேறு வழி. அங்கே வக்கீல் முன்னதாகவே வேண்டும். இரண்டாவது மனைவி உள்ளவர்கள், தத்தெடுத்தவர்கள், சித்தசுவாதீனமில்லாத பிள்ளை உள்ளவர்கள் எல்லாரும் இந்த வகையில் சேர்ந்தவர்களே. முதல் மனைவி இருக்க இரண்டாவதாக வந்தவளுக்குச் சட்டத்தில் மனைவிப் பங்கு கிடையாது. அவள் பிள்ளைகளுக்குத் தகப்பன் பங்கில் உரிமை உண்டு என்று 2023இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் அவள் கதி? அவளுக்கென்று உயில் எழுதிவைக்காமல் சாகிறவன் அவளைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போகிறான்.

உயில் எழுதினால் சீக்கிரம் சாவு வரும் என்று ஒரு பயம் இருக்கிறது. இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை எது? எழுதாதவர்கள் யாராவது சாகாமல் இருக்கிறார்களா? உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், நல்ல நேரமும் வேண்டாம். எழுதுகிறவர் தெளிந்த புத்தியோடு கையெழுத்திட, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும். பதிவது கட்டாயமல்ல, பதிவது நல்லது. தன்னைவிட வயதில் இளையவர்களாகவும், உயிலில் பங்கு பெறாதவர்களாகவும் சாட்சி வைக்கவேண்டும். தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லவேண்டியிருக்கும். ஒரே வீடு, ஒரே மனைவி, எல்லாருக்கும் சமம் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்குக் கூட, ஒரு பிள்ளைக்குக் குறைய என்றாலோ, பூர்வீகமும் சொந்தமும் கலந்திருந்தாலோ வக்கீலைக் கொண்டே எழுதுங்கள். பூர்வீகத்தில் உங்கள் பங்கைத்தான் நீங்கள் எழுதமுடியும். பிள்ளைகள் பங்கை எழுத உங்களுக்குப் பாத்தியதை இல்லை.

எது சொந்தம், எது குடும்பச் சொத்து என்ற இந்த ஒரு கேள்வி எப்பேர்ப்பட்ட வீட்டையும் ஆட்டிவைத்துவிடும். பக்கத்துச் சிவகங்கைச் சீமையைப் பாருங்கள். 1829இல் ஜமீன்தார் கௌரிவல்லப உடையத் தேவர் இறந்தார். ஜமீன் அவர் சொந்தமா, குடும்பப் பொதுவா, மகளுக்கா, சகோதரன் வழிக்கா என்று வழக்குமேல் வழக்கு நடந்து, 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்கே என்று தீர்த்தது. 34 வருஷம்! ஜமீன் வீட்டில் லண்டன் வரை போகப் பணமிருந்தது. இரண்டு ஏக்கர் கரிசல் காட்டுக்காரன் வாய்தாவுக்கு அருப்புக்கோட்டை போய்வந்தே காட்டைத் தின்றுவிடுவான்.

"எல்லாம் சரி, வக்கீலுக்குப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். 1987ஆம் வருஷத்துச் சட்ட உதவி ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவை உங்கள் கைவிரல் போல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், ஊனமுற்றோர், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழ்ப்பட்டோர் ஆகியவர்களுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் உண்டு. பெண்ணுக்கு வருமான வரம்பே இல்லை. பணக்கார வீட்டுப் பெண்ணும் கேட்கலாம். ஜில்லா ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லாக் கோர்ட்டில் இருக்கிறது. அருப்புக்கோட்டைக் கோர்ட்டிலேயே விசாரித்தால் வழி சொல்லுவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் போதும். இது தர்மமல்ல, உங்கள் உரிமை. லோக் அதாலத் என்னும் சமரச கோர்ட்டில் முடித்துக்கொண்டால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பும்; ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே அங்கும் தொகையை யோசித்துத்தான் ஒப்புக்கொள்ளவேண்டும்.

வக்கீலிடமும் ஏமாறக்கூடாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, "கேசை நான் பார்க்கிறேன், வரும் பணத்தில் எனக்கு இவ்வளவு பங்கு" என்று சொல்லும் தரகனிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வரும் பணத்தில் பங்கு பேசிக்கொள்ளுவது வக்கீல்களுக்குப் பார் கவுன்சில் விதிப்படியே கூடாத காரியம். கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள், கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள், ஒரிஜினல் பத்திரத்தை இரவல் கொடுக்காமல் நகல் கொடுங்கள். வெற்றுத்தாளில் யாருக்கும் கையெழுத்து வேண்டாம். சாதித் தலைவர்கள் கூடிப் பெண்ணுக்குப் பங்கில்லை என்று தீர்மானிக்கும் பஞ்சாயத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அவர்கள் அபராதம் போட்டால், அதையும் வக்கீலிடம் எடுத்துப்போங்கள்.

ஆகவே தோழர்களே! வீட்டுக்குப் போனதும் ஒரு தகரப்பெட்டியை எடுங்கள். பத்திரம், பட்டா, பாஸ் புத்தகம், இன்ஷூரன்ஸ் பாலிசி, நலவாரிய அட்டை, திருமணப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் அதில் போட்டு, பெட்டி எங்கே இருக்கிறதென்று உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் சொல்லுங்கள். ஆண்பிள்ளைகள் மட்டும் அறிந்த பெட்டியால் பயனில்லை. அவர்கள் நம்மைவிட முந்திப் போகலாம், நாமும் முந்திப் போகலாம். செத்தவனுக்குப் பிண்டம் போய்ச் சேருகிறதா என்று கண்டவன் ஒருவனுமில்லை. பின்னால் இருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேர அந்தப் பெட்டிதான் வழி. இன்னும் சொல்லவேண்டியது பல இருந்தாலும், நேரமாகிவிட்டபடியால் இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம். சந்தேகமுள்ளவர்கள் கேளுங்கள், கையில் காகிதம் கொண்டுவந்தவர்கள் முன்னால் வாருங்கள்.